சீரியல் செட் சந்தேகங்கள்

கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று வீட்டு முகப்பில் சர விளக்கு ஏறும் காலம் இது. வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நாகப்பட்டினத்தில் ஒலி-ஒளி அமைப்புத் தொழில் செய்யும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

தீபாவளிக்கு எட்டு சரம் வாங்கிப் போட்டோம். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் எல்லா நிறமும் உண்டு. ஆனாலும் பார்க்க நன்றாக இல்லை. பக்கத்து வீட்டில் இரண்டே சரம்தான், அம்சமாக இருக்கிறது. எங்கே தப்பு?
*வாசகி, கும்பகோணம்*

அவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள், அதுதான் விஷயம்.

சரம் என்பது இருட்டில் இழுக்கும் கோடு. வீட்டில் ஏற்கெனவே கோடுகள் இருக்கின்றன. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் விளிம்பு, சன்ஷேடு விளிம்பு, வாசல் நிலை, போர்டிகோ தூண். இவற்றில் இரண்டோ மூன்றோ எடுத்துக்கொண்டு அவற்றின் மேலேயே சரத்தை ஓட்டுங்கள். மற்ற சுவரெல்லாம் இருட்டாகவே இருக்கட்டும். வெறும் சுவர் தெரிகிறதே என்று நடுவில் வளைத்து வளைத்துத் தொங்கவிட்டால், எது வீடு எது விளக்கு என்று கண்ணுக்குப் பிடிபடாது.

மைசூர் அரண்மனையை இரவில் பார்த்திருந்தால் நான் சொல்வது உடனே புரியும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் தசராவின்போதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பல்பு எரிகிறது அங்கே. அத்தனையும் ஒரே மஞ்சள். மினுக்குவது கிடையாது, ஓடுவது கிடையாது. வளைவு, தூண், குவிமாடம் என்று கட்டடத்தில் எங்கே விளிம்பு இருக்கிறதோ அதன் மேல் மட்டும் பல்பு. ஒரு லட்சம் பல்புக்கே ஒரு நிறம் போதும் என்றால் நமக்கு என்ன?

வேலையைப் பகலில் ஆரம்பியுங்கள். முதலில் சரத்தைத் தொடவே வேண்டாம். ஒரு சணல் கயிற்றைக் கட்டி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். வீட்டை எல்லாரும் பார்ப்பது அங்கேயிருந்துதான், ஏணி மேலிருந்து இல்லை. கயிறு சரியாக இருந்தால் சரமும் சரியாக இருக்கும். கொக்கி அடிக்கும்போது ஒரு மூலையிலிருந்து ஆரம்பிக்காமல் நடுவைக் கண்டுபிடித்து அங்கே முதல் கொக்கி, பிறகு இரண்டு பக்கமும் சமமாக. மூலையிலிருந்து போனால் கடைசித் தொங்கல் எப்போதும் அரைகுறையாகத்தான் முடியும்.

தொங்கல் போடுவதாக இருந்தால் டேப் வைத்து அளக்கவே வேண்டாம், பல்பை எண்ணுங்கள். பல்புக்குப் பல்பு 10 சென்டிமீட்டர் இருக்கும் சரம் என்றால், இரண்டு அடிக்கு ஒரு கொக்கி அடித்து, எட்டு பல்பு இடைவெளிக்கு ஒருமுறை சரத்தை மாட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தொங்கலும் ஒன்பது அங்குலம் போல இறங்கி, எல்லாம் ஒரே அளவில் நிற்கும். எண்ணுவதில் ஒன்று பிசகினாலும் அந்தத் தொங்கல் மட்டும் பல்லிளிக்கும். அதனால் எண்ணும்போது போன் எடுக்காதீர்கள்.

உங்களிடம் இருக்கும் எட்டில் மஞ்சளை விளிம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பச்சையைச் செடிகளுக்குக் கொடுங்கள், இலையின் பச்சை இன்னும் எடுப்பாகத் தெரியும். சிவப்பைச் செடியில் போட்டால் இலை கறுத்துப்போய்த் தெரியும், வேண்டாம். நீலம் தூரத்திலிருந்து பார்க்கும்போது கண்ணில் கூர்மையாக விழாது, கோடு கலங்கிவிடும். அதை வராந்தாவுக்கு உள்ளே கிட்டத்தில் வைக்கலாம். மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்து வையுங்கள்.

நாலடி உயரத்தில் கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒன்றை நானே செய்து மொட்டைமாடியில் நிறுத்த ஆசை. காகித ஸ்டார் கடல்காற்றில் கிழிந்துவிடுகிறது. சரத்தை வைத்தே செய்ய முடியுமா? எத்தனை பல்பு ஆகும்?
*வாசகர், தூத்துக்குடி*

தாராளமாகச் செய்யலாம். எங்கள் ஊர்ப் பக்கமும் கடல்காற்றுதான், அதனால் இந்தக் கேள்வியில் எனக்குப் பாசம் அதிகம்.

முதலில், பலகையில் செய்யாதீர்கள். நாலடிப் பலகையை மாடியில் நிறுத்தினால் காற்று அதைப் பாய் மாதிரி பிடித்து இழுக்கும். மூங்கில் சிம்போ மெல்லிய அலுமினியப் பட்டையோ எடுத்துச் சட்டமாகக் கட்டுங்கள், காற்று உள்ளே புகுந்து போய்விடும்.

கோடு எப்படி? நாமெல்லாம் சின்ன வயதில் கையை எடுக்காமல் ஐந்து கோட்டில் நட்சத்திரம் போடுவோமே, அப்படித்தான் சட்டம் கட்ட வேண்டும், அதுதான் உறுதி. ஆனால் விளக்கை அந்த ஐந்து கோட்டிலும் முழுக்க ஓட்டக் கூடாது. உள்ளே கோடுகள் குறுக்கே வெட்டி ஒரு ஐங்கோணம் விழும். அதிலும் பல்பு எரிந்தால் தூரத்தில் வெறும் வெளிச்சக் கட்டியாகத் தெரியும், ஐந்து முனையும் அமுங்கிப்போகும். வெளி ஓரம் மட்டும் போதும். அதாவது பத்துச் சின்னப் பக்கங்கள்.

இப்போது கணக்கு. தரையில் சாக்பீஸால் 62 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அதில் 72 பாகைக்கு ஒரு புள்ளி, மொத்தம் ஐந்து. ஒன்று விட்டு ஒன்றைச் சேர்த்தால் நட்சத்திரம் வந்துவிடும். இந்த அளவில் வெளி ஓரத்தின் ஒவ்வொரு சின்னப் பக்கமும் 45 சென்டிமீட்டர் இருக்கும். 5 சென்டிமீட்டருக்கு ஒரு பல்பு வைத்தால் பக்கத்துக்கு 9, பத்துப் பக்கத்துக்கு 90 பல்பு. நான் 62 என்று சொன்னது இதற்காகத்தான். அறுபது என்று வைத்தால் பக்கம் 43 சொச்சம் வரும், பல்பு மூலையில் வந்து உட்காராது. ஐந்து முனையிலும் ஐந்து உள்மூலையிலும் கண்டிப்பாக ஒரு பல்பு இருந்தாக வேண்டும். நடுவில் ஒன்று இரண்டு முன்னே பின்னே போனால் யாருக்கும் தெரியாது. முனையில் பல்பு இல்லாவிட்டால் முனை மழுங்கிப்போனதாகவே தெரியும்.

கடையில் 5 சென்டிமீட்டர் இடைவெளிச் சரம் கிடைக்காவிட்டால் கவலை இல்லை. 10 சென்டிமீட்டர் சரத்தையே வாங்கி, இரண்டு பல்புக்கு நடுவில் மிச்சமாகும் ஒயரை மடித்துச் சட்டத்துக்குப் பின்பக்கம் கட்டிவிடுங்கள். கட்டுவதற்குக் கேபிள் டை அல்லது நூல். கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம். காற்றில் ஆட ஆட அது ஒயரின் பிளாஸ்டிக்கை அறுத்து உள்ளே போய்விடும், அப்புறம் சட்டம் முழுக்கக் கரண்ட்.

நிறம் வெள்ளை. மினுக்க விடாதீர்கள், நட்சத்திரம் நின்று எரியட்டும். மூன்று ராஜாக்கள் திருநாள், ஜனவரி 6 தாண்டியதும் இறக்கிவிடுங்கள். கடற்கரை ஊரில் ஒயரை வருடம் முழுக்க மாடியில் விட்டால் அடுத்த டிசம்பருக்குப் பாதி பல்பு இருக்காது.

எல்லா சரமும் மினுக்கினால்தான் திருவிழா களை என்கிறார் என் கணவர். எனக்குத் தலை வலிக்கிறது. தீர்ப்பு சொல்லுங்கள்.
*வாசகி, திருச்சி*

குடும்பத்துக்குள் நுழைய வேண்டாம் என்றுதான் பார்க்கிறேன். ஆனால் இதில் நீங்கள்தான் சரி, அம்மா.

சரத்தோடு வரும் சின்னப் பெட்டியில் ஒரு பட்டன் இருக்கிறதல்லவா, அதை அமுக்க அமுக்க எட்டு விதமாக எரியும். பெரும்பாலான பெட்டிகளில் எட்டாவது, விட்டு விட்டு எரியாமல் நின்று எரிவது. நாலு சரம் வாங்கினால் நாலு பெட்டி, ஒவ்வொன்றும் அதன் இஷ்டத்துக்குத் தாளம் போடும். ஒரே நேரத்தில் தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் ஒன்றோடொன்று விலகிப்போகும். உங்கள் தலைவலிக்குக் காரணம் அதுதான். விளிம்பெல்லாம் நின்று எரியட்டும். சாருக்கு என்று ஒரே ஒரு சரத்தை ஒதுக்குங்கள், வாசல் மாவிலைத் தோரணத்தோடு போட்டு மெதுவாக ஏறி இறங்கும்படி வைத்தால் அவருக்கும் திருப்தி. வேகமாக வெட்டுவது மட்டும் வேண்டாம். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் வெட்டும் வெளிச்சம் வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆகாது.

சின்ன வயதில் திருவிழாவில் பார்த்த சீரியல் போர்டில் தேர்ச்சக்கரம் சுற்றும், மயில் தோகை விரிக்கும். கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்தில் பல்பை எப்படி ஓட வைத்தார்கள்?
*வாசகர், மதுரை*

அருமையான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல எனக்கு இந்த இதழ் முழுக்க இடம் தந்தாலும் பத்தாது.

பல்பு ஓடாது சார். மூன்று கோஷ்டியாகப் பிரித்துவிடுவார்கள், அவ்வளவுதான். சக்கரத்தின் ஓரத்தில் வரிசையாகப் பல்பு இருக்கிறது என்று வையுங்கள். 1, 4, 7, 10 ஒரு ஒயர். 2, 5, 8, 11 இன்னொரு ஒயர். 3, 6, 9, 12 மூன்றாவது. முதல் ஒயர், இரண்டாவது, மூன்றாவது, மறுபடி முதல் என்று மாற்றி மாற்றிக் கரண்ட் கொடுத்தால் சக்கரம் சுற்றும். வரிசையைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் சுற்றும். ஏன் மூன்று? இரண்டே ஒயர் என்றால் மாறி மாறி மினுக்கும், ஆனால் வலமா இடமா என்று கண்ணால் சொல்ல முடியாது. மூன்று வந்தால்தான் திசை பிறக்கிறது. இந்த ஒரு சூட்சுமத்தை வைத்துக்கொண்டு அருவி கொட்டும், பாம்பு நெளியும், அம்மன் கையில் சூலம் மின்னும்.

மாற்றி மாற்றிக் கொடுப்பதற்கு ஒரு டிரம். ஒரு உருளையின் மேல் பித்தளைத் தகட்டை வெட்டி வெட்டி ஒட்டியிருப்பார்கள். சின்ன மோட்டார் அதை மெதுவாகச் சுற்றும். மேலே வரிசையாகத் தகட்டு விரல்கள் உரசிக்கொண்டிருக்கும். எந்த விரலுக்குக் கீழே தகடு வருகிறதோ அந்த ஒயரில் வெளிச்சம். பக்கத்தில் உட்கார்ந்தால் சட் சட் என்று நீலப் பொறி பறக்கும், ஒரு எரிந்த வாசனை வரும். பொறியால் தகடு கறுத்துப்போகும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஒரு பையனை அங்கேயே உட்கார வைப்பார்கள். மயில் தோகை விரிய வேண்டுமென்றால் தகட்டை நீளமாக, படிப்படியாக வெட்ட வேண்டும். தகட்டை வெட்டுகிறவர்தான் அந்தக் காலத்து புரோகிராமர். இந்தத் தொழிலில் வங்காளத்துச் சந்தன்நகர் பெரிய பெயர் எடுத்த ஊர். அங்கே ஜகத்தாத்ரி பூஜைக்குத் தெருத்தெருவாக விளக்கிலேயே கதை சொல்வார்கள்.

இப்போது போர்டில் பார்ப்பது பிக்ஸல். ஒவ்வொரு பல்புக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும், அவற்றை ஆட்டிவைக்கச் சின்ன சில்லும் உண்டு. முதல் பிக்ஸல் தனக்கு வந்த கட்டளையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடும். அதனால்தான் அதில் அம்புக்குறி போட்டிருக்கும். தலைகீழாக மாட்டினால் ஒன்றும் எரியாது. புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். போர்டு முழுக்க வெள்ளை போட்டதும் கடைசி வரிசைகள் மட்டும் சிவந்து தெரிந்தால் பிக்ஸலைக் குறை சொல்லாதீர்கள். ஒயரில் போகப் போக வோல்டேஜ் இறங்குகிறது, நீலத்துக்கு முதலில் பற்றாமல் போகிறது, சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. நடுவிலும் கடைசியிலும் தனியாகப் பவர் லைன் கொடுத்தால் சரியாகிவிடும்.

என்னைக் கேட்டால், பிக்ஸலில் ஒன்றேமுக்கால் கோடி நிறம் வரும் என்பதற்காகப் பிள்ளையாரை நிமிடத்துக்கு நாற்பது நிறத்தில் மாற்றுவது தேவையே இல்லை. டிரம் காலத்துப் பிள்ளையாருக்கு மூன்று ஒயர்தான், ஆனால் தும்பிக்கை மட்டும் ஆடும். கூட்டம் அதைப் பார்க்கத்தான் நிற்கும். எதை ஆட்டுவது, எதைச் சும்மா விடுவது என்று யோசித்துச் செய்த வேலை அது.

சரத்தில் பாதி எரிகிறது, பாதி எரியவில்லை. தூக்கிப் போடுவதா?
*வாசகர், திருநெல்வேலி*

பொறுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். எல்.ஈ.டி. ஒன்றுக்கு மூன்று வோல்ட்தானே என்று நினைப்பீர்கள். வரிசையாகக் கோத்திருப்பதால் சரத்துக்குள் ஓடுவது வீட்டுக் கரண்ட் 230-தான். அறுந்த இடத்தைத் தொட்டால் முழு அடி.

பல்புகள் கூட்டம் கூட்டமாகத் தொடரில் இணைந்திருக்கும். ஒரு கூட்டத்தில் ஒரு பல்பின் கால் அறுந்தால் அந்தக் கூட்டமே அணைந்துவிடும். எரியாத பகுதியில் ஒவ்வொரு பல்பாக மெல்ல அசைத்துப் பாருங்கள். தளர்வாக ஒன்று சிக்கும். அதன் பிளாஸ்டிக் உறையை நகர்த்தினால், தலைமயிர்க் கனத்தில் இரண்டு கால், அதில் ஒன்றின் அடியில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். மழைத்தண்ணீரும் பனியும் உள்ளே போய் அரித்த இடம். அந்த ஒரு பல்பை வெட்டி எடுத்துவிட்டு, பழைய சரத்திலிருந்து அதே நிறப் பல்பு ஒன்றைப் பற்றவைத்து, மேலே ஹீட் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) போட்டால் முடிந்தது. நெட்டைக்கால் குட்டைக்கால் மட்டும் மாறக் கூடாது. பல்பு இல்லாமல் வெறும் ஒயரை முறுக்கிச் சேர்க்கிறவர்களும் உண்டு, எரியத்தான் செய்யும். ஆனால் மற்ற பல்புகள் அந்தச் சுமையைச் சேர்த்துச் சுமக்கும். ஒன்று என்றால் பரவாயில்லை, அதையே பழக்கமாக்கினால் சரம் ஒவ்வொரு பல்பாகக் கருகும்.

எரியாத பல்புகள் ஒரே இடத்தில் இல்லாமல் நாலுக்கு ஒன்று என்று விட்டு விட்டு இருந்தால் கோளாறு பல்பில் இல்லாமல் பெட்டியிலும் இருக்கலாம். பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரியாதவர்கள் புதுப் பெட்டி வாங்கி மாட்டிவிடுங்கள், விலை அதிகம் இல்லை.

மார்கழிக்கு வாசலில் விளக்கிலேயே சிக்குக் கோலம் போட வேண்டும். எந்தக் கோலத்தைத் தேர்ந்தெடுக்கலாம்? எதில் செய்வது?
*வாசகி, சேலம்*

கோலத்துக்குச் சரம் போட வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது, கோடு ஒன்றா பலவா என்பது. ஒரே கோட்டில் முடியும் கோலம் என்றால் ஒரே நீளச் சரத்தை எங்கேயும் வெட்டாமல் ஓட்டிவிடலாம். பல கோடு என்றால் ஒவ்வொரு வளையத்துக்கும் தனி ஒயர், தனி இணைப்பு.

இதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, எல்லாப் புள்ளியையும் சுற்றிப் பின்னிக்கொண்டே போகும் சாதாரண சிக்குக் கோலத்தில், வரிசைக்கு 3 புள்ளி, 4 வரிசை என்று வைத்தால் ஒரே கோட்டில் முடியும். 4-க்கு 5-ம் அப்படியே. 3-க்கு 3 வைத்தால் மூன்று தனி வளையம், 4-க்கு 6 வைத்தால் இரண்டு. இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் பெரிய எண் எதுவோ அத்தனை கோடு. நம் பாட்டிமார்களுக்கு இது கையிலேயே இருந்தது, நமக்குத்தான் கணக்கு வேண்டியிருக்கிறது.

எதில் செய்வது என்றால் சிலிக்கோன் நியான் பட்டை, அதாவது வளைந்து கொடுக்கும் எல்.ஈ.டி. பட்டை, வாங்குங்கள், 12 வோல்ட், 5 மீட்டர்ச் சுருள். 3-க்கு 4 கோலத்தில் புள்ளிக்குப் புள்ளி 13 சென்டிமீட்டர் வைத்தால் ஒரு சுருளுக்குள் முடித்துவிடலாம், கோலம் ஒன்றேகால் அடிக்கு ஒன்றேமுக்கால் அடி வரும். கறுப்புப் பெயின்ட் அடித்த ப்ளைவுட்டில் சாக்பீஸால் வரைந்து, கிளிப் அடித்துக்கொண்டே வாருங்கள். கோடு கோட்டைத் தாண்டும் இடத்தில் ஒருதரம் மேலே, ஒருதரம் கீழே என்று மாற்றிப் பின்னினால் பலகையில் மேடு தட்டாது. மிச்சம் வந்தால் பட்டையில் கத்தரிக்கோல் படம் போட்ட இடத்தில் மட்டும் வெட்டலாம். வேறு இடத்தில் வெட்டினால் அந்தத் துண்டு எரியாது. புள்ளிகளில் 12 வோல்ட்டிலேயே எரியும் மஞ்சள் பல்பு ஒவ்வொன்று வையுங்கள், கோடு வெள்ளையாக இருக்கட்டும்.

230 வோல்ட் ரோப் லைட் மலிவாகக் கிடைக்கிறது என்று அதில் செய்துவிடாதீர்கள். விடியற்காலையில் வாசல் தெளிக்கிற இடம் அது. 12 வோல்ட் அடாப்டரை வீட்டுக்குள் வைத்து, சன்ன ஒயர் மட்டும் வெளியே வரட்டும்.

சீரியல் லைட்டை முதன்முதலில் போட்டது யார்?
*மாணவர், ஈரோடு*

மின்சார விளக்கால் அலங்கரித்த முதல் கிறிஸ்துமஸ் மரம் என்றால் 1882, நியூயார்க். எடிசனோடு வேலை செய்த எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்பைக் கோத்து மரத்தில் கட்டினார். மரமே சுற்றும்படியும் வைத்திருந்தாராம். பாருங்கள் தம்பி, முதல் ஆளுக்கே சுற்ற வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

நாகூர் மினாரா, வேளாங்கண்ணிக் கோயில், சிவன் கோயில் கோபுரம் மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்து வளர்ந்தவன் நான். விளக்குப் போடுவதில் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?
*வாசகர், நாகூர்*

வாங்க, நம்ம ஊர்க்காரர்! இந்தத் தொழிலில் எங்களுக்கு மதம் கிடையாது. கந்தூரி, ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றம், சிக்கல் சூரசம்ஹாரம் என்று காலண்டரைப் பார்த்துத்தான் பிழைப்பு.

நாகூரில் ஐந்து மினாரா, பெரியது 131 அடி. மினாரா என்றாலே மேல்நோக்கிப் போகும் கட்டடம். அதனால் சரமும் உச்சியிலிருந்து நேராகக் கீழே இறங்க வேண்டும், நாலு பக்கமும் சம தூரத்தில். குறுக்கே வளையம் போட்டால் அடுக்கு மாறும் இடங்களில் மட்டும். குறுக்கு வளையம் அதிகமானால் மினாரா குட்டையாகத் தெரியும். தஞ்சாவூர் மராத்திய மன்னர் பிரதாப்சிங் அத்தனை உயரத்துக்குக் கட்டிக் கொடுத்ததை நாம் சரம் போட்டுக் குறைத்துவிடக் கூடாது.

கோபுரம் நேர் எதிர். அது படிப்படியாக ஒடுங்கிப்போகும் கட்டடம், அதற்குக் குறுக்குக் கோடுதான் அழகு. ஒவ்வொரு நிலையின் விளிம்பிலும் ஒரு சரம், உச்சியில் கலசத்துக்கு ஒரு வரிசை. நிலைக்கு நிலை கோடு சின்னதாகிக்கொண்டே போவதில் உயரம் தானாகத் தெரியும். ஆனால் சுதைச் சிற்பங்களின் மேல் சரத்தை விடுவது எனக்குப் பிடிக்காது. பக்கத்திலேயே பல்பு கண்ணைக் குத்தும்போது சிற்பம் கறுத்துப்போய்விடும். சிற்பத்துக்குக் கீழேயிருந்து ஒரு ஃபோகஸ் போதும். அப்புறம் கோபுரத்தில் ஆணி அடிக்கவே கூடாது, சுண்ணாம்புச் சுதை பொரிந்து வந்துவிடும். மேலேயிருந்து கயிறு இறக்கி, கயிற்றில்தான் சரத்தைக் கட்ட வேண்டும்.

வேளாங்கண்ணி போன்ற வெள்ளைக் கோயிலில் முனைதான் முக்கியம். கூரான கோபுரங்களின் சரிவு ஓரங்களில் கோடு இழுத்தால் பாதி வேலை முடிந்தது. மிச்ச வேலையை வெள்ளைச் சுவரே செய்துவிடும், ஒரு விளக்கு போட்டால் நாலு விளக்கு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் அங்கே குறைவாகப் போடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

வாசலில் உள்ள தென்னையைச் சுற்றிச் சரம் கட்ட எவ்வளவு நீளம் வேண்டும்? மாமரத்திலும் கட்டலாமா?
*வாசகர், பொள்ளாச்சி*

தென்னைக்குச் சுலபமான கணக்கு. மரத்தின் சுற்றளவை நூலால் அளந்துகொள்ளுங்கள், 90 சென்டிமீட்டர் என்று வைப்போம். எட்டடி உயரம் வரை, அரை அடிக்கு ஒரு சுற்று என்றால் 16 சுற்று, பதினாலரை மீட்டர். 15 மீட்டர்ச் சரம் சரியாக இருக்கும். பிளக் முனை கீழே வருகிற மாதிரி அடியிலிருந்து சுற்ற ஆரம்பியுங்கள். இறுக்கிச் சுற்றாதீர்கள், ஆணியும் வேண்டாம்.

மாமரத்தில் இலைக்கூட்டத்துக்குள் சரத்தை அள்ளிப் போடுவது எல்லாரும் செய்வது. நான் தண்டையும் பெரிய கிளைகள் பிரியும் இடம் வரையும் மட்டும் சுற்றுவேன். மரத்தின் எலும்பு தெரியும். கூடு இருக்கிறதா என்று பகலிலேயே பாருங்கள். இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020-ல் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டிவிட்டது என்று, குஞ்சு பறக்கிற வரை ஒரு மாதத்துக்கு மேல் ஊரே தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. நாம் ஒரு மரத்தை விடக் கூடாதா?

மாதம் முழுக்கப் போட்டால் கரண்ட் பில் எகிறுமா?
*வாசகி, கோவை*

எல்.ஈ.டி. சரம் ஒன்று 5 வாட் என்று வைத்தால் தினம் ஆறு மணி நேரம் வீதம் முப்பது நாளைக்கும் ஒரு யூனிட்கூட ஆகாது. பயப்பட வேண்டியது பழைய ஜீரோ வாட் பல்புக்குத்தான். பேரில்தான் ஜீரோ, ஒவ்வொன்றும் 15 வாட் வரை குடிக்கும். நாற்பது பல்பு எரிந்தால் ஒரே இரவில் மூன்றரை யூனிட்.

மழைக்காலத்தில் வெளியே போட்டால் வீட்டில் டிரிப் ஆகிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்?
*வாசகர், கடலூர்*

டிரிப் ஆவது நல்லது சார். எங்கேயோ கசிகிறது, கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உங்களைக் காப்பாற்றுகிறது. தயவுசெய்து அதை பைபாஸ் பண்ணச் சொல்கிற எலெக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பெரும்பாலும் குற்றவாளி சரம் இல்லை, இணைப்புதான். ஒரு சரத்தின் பிளக்கும் அடுத்த சரத்தின் சாக்கெட்டும் சேரும் இடம், தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி, இரண்டையும் பாருங்கள். பாலிதீன் பையைச் சுற்றி டேப் போட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும், அது இன்னும் மோசம். இணைப்பைச் சன்ஷேடுக்கு அடியில் கொண்டுவந்து, ஒயர் முதலில் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறி இணைப்புக்குப் போகும்படி விடுங்கள். ஒயர் வழியே வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். புதிதாக வாங்கினால் ஐ.பி. 65 (தூசியும் தெறிக்கும் தண்ணீரும் உள்ளே போகாது என்பதற்கான குறி) என்று போட்டதாகப் பாருங்கள்.

எடுத்து வைத்த சரம் ஒவ்வொரு வருடமும் சிக்காகிவிடுகிறது.
*வாசகி, விருதுநகர்*

பந்தாகச் சுருட்டுகிறீர்கள், அதனால்தான். ஒரு கெட்டி அட்டையை ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, ஓரத்தில் பள்ளம் போட்டு, பிளக் கடைசியில் மேலே வரும்படி சுற்றுங்கள். அடுத்த வருடம் பிரிக்காமலேயே சொருகிச் சோதித்துக்கொள்ளலாம். சுற்றும் முன் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் ஒரு நாள் காய வையுங்கள். அட்டையிலேயே "சன்ஷேடு", "கேட்" என்று எந்த இடத்துச் சரம், எத்தனை பல்புக்கு ஒரு கொக்கி என்று பேனாவால் எழுதிவிடுங்கள். அடுக்களைப் பரணில் மட்டும் வைக்காதீர்கள். எண்ணெய்ப் புகை படிந்த ஒயரை எலி விடாது.